இருந்தவரும் வந்தவரும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் எண்பது பிராயத்தை எட்டிய பாட்டிமார்களின் முன்கையில், அவர்கள் சிறுமியராயிருந்த நாளில் ஒரு குறத்தி திண்ணையோரம் உட்கார்ந்து விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் குத்திவிட்டுப் போன கோலமோ தேளோ தகப்பன் பெயரோ, விளிம்பு சற்றே கலைந்து நீலம் பாரித்திருந்த போதிலும், இன்னதென்று இனங்கண்டு கொள்ளும்படியாக இன்றும் விளங்குவதை நம்மில் பலர் கண்டிருப்போம். மேல்தோல் ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் முற்றிலும் உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. ஆகவே கரி அங்கே தங்கியிருக்க நியாயமில்லை. ஊசி அதைக் கடந்து உள்தோலில் கரியை இறக்குகிறது என்பதும், அங்கே அந்நியப் பொருள் எதைக் கண்டாலும் விழுங்கிவிடும் சுபாவமுள்ள பெருவிழுங்கிகள், அதாவது மாக்ரோஃபேஜ் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் செல்கள், அந்தக் கரியை விழுங்கித் தம்முள் வைத்துக்கொண்டிருக்கின்றன என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தன. அப்படியானால் அச்செல்கள் அந்தப் பாட்டியளவுக்கு ஆயுள் படைத்தவையாக இருக்கவேண்டும் என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

பிரான்ஸ் தேசத்தின் மார்செய் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2018ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை அந்த எண்ணத்தைக் கலைத்தது. அவர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி, சாயத்தை விழுங்கியிருந்த பெருவிழுங்கிகளைக் கொல்லும்படியாக ஒரு நஞ்சைச் செலுத்தினார்கள். சாயத்தைச் சுமந்தவர் மாண்டபின் சாயம் கரைந்து போகவேண்டும். போகவில்லை, வாலின் பச்சை இம்மியும் மங்காமல் இருந்தது. மாண்ட செல்கள் கொட்டிய சாயத்துகள்கள் அவ்விடத்திலேயே சிலகாலம் அநாதையாகக் கிடக்க, எலும்பு மஜ்ஜையில் பிறந்து இரத்தத்தின் வழியே வந்து சேர்ந்த புதிய செல்கள் அவற்றை மறுபடி விழுங்கிக்கொண்டன. பச்சை குத்திய தோலை வெட்டி வேறொரு எலிக்கு ஒட்டவைத்துப் பார்த்தபோது, சில வாரங்களில் அந்தச் சாயத்தில் பெரும்பகுதி, தோலைப் பெற்றுக்கொண்ட எலியின் செல்களுக்குள் இருந்தது. பாட்டியின் கையில் மாறாதிருப்பது கரி ஒன்றுதான்; அதைத் தாங்கி நிற்பவர்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டார்கள்.

அதே பாட்டியின் மூளைக்குள், இதே குலத்தைச் சேர்ந்த மைக்ரோக்ளியா என்னும் செல்கள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை என்ற ஒன்று உண்டாவதற்கும் முன்னே, அவர் தம் தாயின் கர்ப்பத்தில் சில வாரப் பிண்டமாயிருந்தபோது குடிபுகுந்த வம்சத்தின் நேர் வாரிசுகள் அவை. அதற்குப் பிறகு வெளியிலிருந்து அங்கே ஒருவரும் வந்து சேரவில்லை என்றே சொல்லலாம். ஒரே சரீரம், ஒரே குலப்பெயர், ஒரே தொழில். ஆனால் ஓரிடத்தில் இடையறாத வரவும் போக்கும், மற்றோரிடத்தில் கதவடைத்த பூர்வகுடி. இந்த வேற்றுமை ஏன் என்பதும், ஓர் அவயவத்தில் வாசம் செய்கிற செல்லை அவ்விடத்துக்குரியதாக ஆக்குவது அதன் பிறப்பா அல்லது அது வந்தமர்ந்த இடமா என்பதும் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக உயிரியல் சாஸ்திரத்தில் மிகச் சுவையான விவாதங்களாக நடந்து வருகின்றன.

விழுங்கும் செல்களின் சரித்திரத்தை 1882ல், சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில், இலியா மெச்னிகோஃப் ஒரு நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரில் ரோஜா முள்ளைக் குத்திவைத்து மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருக்கக் கண்டு மகிழ்ந்த கதையிலிருந்து தொடங்குவது சம்பிரதாயம். அது நல்ல கதைதான். 1908ல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு கிடைத்ததில் முடிகிற கதை. ஆனால் அதைவிட என் மனத்தைக் கவர்வது, அந்த முள்ளுக்கு முன்னாலேயே இச்செல்களைக் கண்ணாரக் கண்டும் இன்னவென்று அறியாமற்போனவர்களின் கதை. 1868ல் பெர்லினில் வைத்திய மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ், அக்காலத்தில் நரம்புகளைக் காண்பதற்கென்றே கையாளப்பட்ட பொன் குளோரைடு உப்பில் மனிதத் தோலை ஊறவைத்து நோக்கியபோது, மேல்தோலுக்குள் கிளை கிளையாக விரிந்த கரிய செல்களைக் கண்டார். நரம்பைத் தேடியவருக்கு அவை நரம்பாகவே தோன்றின. அவை நோய்த்தடுப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்று உலகம் ஒப்புக்கொள்ளச் சற்றேறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. 1876ல் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் என்பவரும் கல்லீரலின் நரம்புகளைத் தேடி, அதே பொன் உப்பைக் கொண்டு, நட்சத்திர வடிவமான செல்களைக் கண்டார். பிறகு போலந்து தேசத்துக் கிராக்கோவில் ப்ரோவிச் என்பவர் கல்லீரல் இரத்தக்குழல்களுக்குள் இருக்கும் விழுங்கும் செல்களை விவரிக்கவே, அவையும் தாம் முன்பு கண்டவையும் ஒன்றே என்று குப்ஃபர் கருதிவிட்டார். உலகமும் அதை ஏற்று, கல்லீரலின் பெருவிழுங்கிகளைக் குப்ஃபர் செல்கள் என்று இன்றளவும் அழைத்து வருகிறது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

மூன்றாமவர் ஸ்பெயின் தேசத்து பியோ தெல் ரியோ ஒர்த்தேகா. வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு மூளையைச் சாயமேற்றும் முறையொன்றை வகுத்து, 1919ல் மூளைக்குள் நரம்புச் செல்களும் அல்லாத, அவற்றைத் தாங்கும் பெரிய துணைச் செல்களும் அல்லாத ஒரு சிறிய இனத்தை இனம்பிரித்து மைக்ரோக்ளியா என்று பெயரிட்டவர் அவர். அதோடு நில்லாமல், இவை மூளையின் சொந்தப் படலத்தில் உண்டானவை அல்ல, இரத்தமும் தசையும் எலும்பும் உண்டாகிற நடுப்படலத்தில் தோன்றிக் கரு வளரும்போது வெளியிலிருந்து மூளைக்குள் நுழைந்தவை என்றும், காயம் நேர்ந்தால் கிளைகளைச் சுருட்டிக்கொண்டு உருண்டு சென்று சிதைவுகளை விழுங்குகின்றன என்றும் அவர் சொன்னார். வெறும் சாயத்தையும் கண்ணாடியையும் துணையாகக் கொண்டு அவர் சொன்னதன் சாரம் ஏறத்தாழ முழுவதும் மெய்யாயிற்று. உள்நாட்டு யுத்தத்தால் தேசத்தை விட்டுப் பெயர்ந்து, 1945ல் புவெனோஸ் ஐரெஸ் நகரத்தில் காலமான அந்த மனிதருக்கு, வந்து குடியேறுவோரைப் பற்றி நுண்ணோக்கி இல்லாமலே தெரிந்தது கொஞ்சம் இருந்திருக்கும்.

இப்படி அவயவம்தோறும் தனித்தனியாகக் கண்டெடுக்கப்பட்டவற்றை ஒரே குடும்பமாகத் திரட்ட 1924ல் லுட்விக் ஆஷாஃப் ஒரு முயற்சி செய்தார். சாயத்தை உறிஞ்சும் செல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்ததில் இரத்தக்குழலின் உட்சுவர்ச் செல்களும் அக்கூட்டத்தில் கலந்துவிட்டன. பிறகு 1969ல் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்தில் கூடிய அறிஞர்களும், அவர்கள் சார்பில் 1972ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் எழுதிய ரால்ஃப் ஃபான் ஃபர்த் முதலானோரும் வகுத்த சித்தாந்தம் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஆட்சி செய்தது. அதன் அழகு அதன் எளிமையில் இருந்தது: எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது மோனோசைட் என்னும் வெள்ளணு, இரத்தத்தில் ஓரிரு நாள் ஓடுகிறது, அவயவத்துக்குள் இறங்கிப் பெருவிழுங்கியாக முதிர்கிறது, சிலகாலம் உழைத்து மடிகிறது, அதன் இடத்தில் மற்றொன்று வருகிறது. மஜ்ஜை மலையூற்று, இரத்தம் ஆறு, அவயவங்கள் ஆற்றுநீரால் நிரம்பும் ஏரிகள். தனக்கென்று உள்ளூற்று உடைய ஏரி ஒன்றும் இருக்கலாமே என்று சந்தேகித்தவர்கள் இல்லாமற்போகவில்லை. ஜப்பானின் குமமோட்டோ சர்வகலாசாலையில் தக்காஹாஷி, நைட்டோ முதலியோர், மஜ்ஜையும் மோனோசைட்டும் தோன்றுவதற்கு முன்பே கருவில் பெருவிழுங்கிகள் திரிகின்றன, அவை அங்கங்கே தாமே பெருகவும் செய்கின்றன என்று 1980களில் விடாமல் எழுதினார்கள். பாடப்புத்தகங்கள் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. சாஸ்திர உலகத்தில் ஒரு கொள்கை எளிமையாக இருப்பதே அதற்குச் சாட்சியமாகிவிடுகிற அபாயம் எப்போதும் உண்டு.

பழைய சித்தாந்தத்துக்குப் பிரதான ஆதாரமாக இருந்தது ஒருவகைப் பரிசோதனை. எலிக்குக் கதிர்வீச்சைக் கொடுத்து அதன் மஜ்ஜையை அழித்து, அடையாளமிட்ட வேறு மஜ்ஜையை ஏற்றி, சில மாதங்கள் கழித்து அவயவங்களைச் சோதித்தால் அங்கே புது மஜ்ஜையின் செல்கள் தென்படும். மஜ்ஜையிலிருந்துதான் வருகின்றன என்று இதிலிருந்து முடிவு செய்யலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மஜ்ஜையை அழித்த கதிரே அவயவங்களில் இருந்த பழைய குடிகளையும் கொன்று, உள்ளே புகும் வழிகளையும் அகலத் திறந்துவிட்டது என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டியிருந்தது. கதிரே இல்லாமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கேட்பதற்குச் சற்றுக் கொடூரமானது. இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலைக் கீறி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிட்டால், சில நாளில் இரத்தக்குழல்கள் இணைந்து இரண்டுக்கும் ஒரே இரத்தவோட்டம் ஆகிவிடும். அப்படி மாதக்கணக்கில் ஒட்டி வாழ்ந்த எலிகளில், ஒன்றின் இரத்தத்தில் மற்றதன் மோனோசைட்டுகள் தாராளமாக ஓடின. ஆயினும் ஒன்றின் மூளையில் மற்றதன் மைக்ரோக்ளியா ஒன்றுகூடக் காணப்படவில்லை என்று கனடாவின் வான்கூவர் நகரத்திலிருந்து 2007ல் செய்தி வந்தது. மேல்தோலின் லாங்கர்ஹான்ஸ் செல்களும் அவ்வாறே அந்நியரைச் சேர்க்கவில்லை. ஆற்றில் வெள்ளம் ஓடியும் இந்த ஏரிகளுக்குள் ஒரு துளி இறங்கவில்லை.

அப்படியானால் முதலில் வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? விடையை 2010ல் நியூயார்க் நகரத்து மவுண்ட் சைனாய் வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஃப்ளோரான் ஜின்ஹூவும் மிரியம் மெராதும் அவர்களுடைய சகாக்களும் அளித்தார்கள். கருவோடு ஒட்டிய கருவுணவுப் பை என்றொரு உறுப்பு உண்டு. பறவைகளுக்கு அது மஞ்சள்கருவைச் சுமக்கும் பை. மனிதக் கருவிலோ அது பெயருக்குத்தான் உணவுப் பை, உண்ணத்தக்க மஞ்சள்கரு அதில் இல்லை. ஆனாலும் மூன்றாம் வாரத்தில் இரத்த அணுக்கள் முதன்முதலாகத் தோன்றுகிற இடம் அதுவே. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கழிவதற்குள் தன் வேலை முடிந்து சுருங்கி மறைகிறது. எலியின் கர்ப்ப காலம் இருபது நாளுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏழாம் நாளையொட்டி, இரத்தம் உண்டாக்கும் செல்கள் அந்தப் பையைத் தவிர வேறெங்கும் இல்லாத சமயம் பார்த்து, தாய் எலிக்கு ஒரு மருந்தைச் செலுத்தினால், அந்தச் செல்களில் மட்டும் அழியாத ஓர் அடையாளம் விழும்படி அவர்கள் மரபணுவில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த அடையாளம் சந்ததிதோறும் தொடரும். கரு பிறந்து வளர்ந்து முழு எலியானபின் பார்க்கையில், இரத்தத்தின் மோனோசைட்டுகளில் அடையாளம் ஏறக்குறைய இல்லை. மைக்ரோக்ளியாவில் பளிச்சென்று இருந்தது. பை மறைந்துபோய் வெகுகாலம் ஆகியும் அதன் பிரஜைகள் மூளையில் அரசிருந்தனர். இரண்டு ஆண்டுகளில், மஜ்ஜையின் மூலச் செல்கள் உண்டாவதற்கு இன்றியமையாத ஒரு மரபணுவை நீக்கிய எலிக்கருக்களிலும் இந்தப் பெருவிழுங்கிகள் குறையின்றித் தோன்றுகின்றன என்று மற்றொரு குழு காட்டிற்று.

இங்கே ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. 1975ல் பிரான்சில் பிரான்சுவாஸ் தியெத்தர்லென் என்னும் அம்மையார், காடைக் கருவைக் கோழிக் கருவுணவுப் பையின்மேல் ஒட்டி வளர்த்து, வளர்ந்த பறவையின் நிலையான இரத்தம் காடையிலிருந்தே வருகிறது, பையிலிருந்து வருவதில்லை என்று ஐயமற நிரூபித்தார். அது உண்மை. ஆனால் அந்த உண்மையின் நிழலில், பையில் பிறந்த செல்கள் யாவும் தற்காலிகமானவை, நிலைத்த சந்ததி அவற்றுக்கு இல்லை என்ற எண்ணமும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. இரத்தத்தில் நிலைக்காதது அவயவத்தில் நிலைத்திருக்கலாம் என்று தேடத் தோன்றுவதற்கு முப்பத்தைந்து வருஷம் பிடித்தது.

மூளையின் கதை இவ்வளவு தெளிவாக அமைந்ததனால், எல்லா அவயவங்களும் இப்படித்தான் என்று சிலகாலம் ஓர் உற்சாகம் பரவியது. அது நீடிக்கவில்லை. குடலின் பெருவிழுங்கிகளில் மிகப் பல மஜ்ஜையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய சித்தாந்தம் அங்கே கிட்டத்தட்ட அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. அங்கேயும் நரம்புகளின் அருகில் தாமே பெருகி வாழும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. இருதயத்தில் கருக்காலக் குடிகள் வயது ஏற ஏறக் குறைய, வந்தவர்கள் மெல்ல அவ்விடத்தை நிரப்புகிறார்கள். நுரையீரலின் காற்றறைகளில் இருப்பவை, கருவின் கல்லீரலில் பிறந்த மோனோசைட்டுகள் நுரையீரலுக்குள் வந்து தங்கி, சிசு முதல் மூச்சை இழுத்த சில நாட்களுக்குள் முதிர்ச்சி அடைந்தவை. ஆகவே யார் பூர்வகுடி என்ற கேள்விக்கு ஒவ்வோர் அவயவமும் ஒவ்வொரு விடை சொல்லுகிறது.

அந்தக் காற்றறைச் செல்களைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடாதபடி அவற்றின் உட்புறம் சோப்பு நுரை போன்ற ஒரு மெல்லிய கொழுப்புத் திரவம் பூசப்பட்டிருக்கிறது; பழையதை அப்புறப்படுத்துவது அங்கு வசிக்கும் பெருவிழுங்கிகளின் கடமை. 1958ல் அமெரிக்க வைத்தியர்கள் மூவர் ஒரு விசித்திர நோயை விவரித்தார்கள்: நோயாளியின் காற்றறைகளில் அந்தத் திரவமே தேங்கி, கிருமி எதுவும் இல்லாமலே மூச்சுத் திணறுகிறது. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. 1994ல், மஜ்ஜையில் வெள்ளணுக்களைப் பெருக்க உதவுவதென்று கருதப்பட்ட ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்னும் ஒரு புரதத்தை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது, அவற்றின் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. நுரையீரலில் அந்த நோய் வந்துவிட்டது. நோயாளிகளில் பெரும்பாலோரின் உடல் அதே புரதத்துக்கு எதிராகத் தானே எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது என்று ஜப்பானியர் 1999ல் கண்டறிந்தனர். காற்றறையின் சுவர் சுரக்கும் அந்தப் புரதம்தான் அங்கே வந்து தங்கிய செல்லை அவ்விடத்துக்கு ஏற்றதாகப் பக்குவம் செய்கிறது. அது வராவிட்டால் செல்கள் இருந்தும் தொழில் தெரியாதவையாகிவிடுகின்றன.

இச்செல்களைப் படைவீரரென்றும் காவற்காரரென்றும் வர்ணிப்பது பத்திரிகைகளில் மாமூலாகிவிட்டது. யுத்தம் அவற்றின் வாழ்வில் எப்போதோ வருவது. அன்றாடம் அவை செய்வது துப்புரவும் பராமரிப்பும். மண்ணீரலில் உள்ளவை நூற்றிருபது நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களை விழுங்கி இரும்பைப் பிரித்து மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. விநாடிக்கு ஏறக்குறைய இருபது லட்சம் சிவப்பணுக்கள் இவ்வாறு கழிகின்றன. சிவப்பணுவிலிருந்து வெளிப்படும் அதே இரும்புச் சேர்மம்தான், அதைக் கையாளும் திறனை அந்தச் செல்லுக்குள் தூண்டிவிடுகிறது. வயிற்றறையில் வசிப்பவற்றுக்கு அடையாளமான குணங்களை வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம் தருகிறது. மூளையிலும் மேல்தோலிலும் வசிப்பவற்றுக்கு இன்டர்லூக்கின்-34 என்னும் பொருளை, மூளையில் நரம்புச் செல்களும் தோலில் தோற்செல்களும் சுரந்து கொடுக்கின்றன. கிடைக்காவிட்டால் அவை அருகிவிடுகின்றன. வயிற்றறையின் செல்லை எடுத்து நுரையீரலில் விட்டால் அதன் குணங்கள் பெரும்பாலும் நுரையீரலுக்குரியவையாக மாறிவிடுகின்றன. இத்தனையும் பார்த்தபின், இடமே செல்லை ஆக்குகிறது என்ற கட்சிக்கு என் மனம் சாய்வதை நான் மறைக்கவில்லை.

அந்தக் கட்சிக்குப் பலமான சாட்சி கல்லீரலிலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக் குழுவினர் 2016ல் எலியின் குப்ஃபர் செல்களை மட்டும் ஒரேயடியாக அழித்தார்கள். இருந்தவர் இருக்கும்வரை ஒருபோதும் உள்ளே நுழையாத மோனோசைட்டுகள், வீடு காலியானதும் இரத்தத்திலிருந்து இறங்கி வந்து, சில வாரங்களில் பழையவர்களிடமிருந்து பிரித்தறிவதே கடினமாகும்படி மாறிவிட்டன. மரபணுக்களின் நடப்பில் வித்தியாசம் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுதான் இருந்தது. 2019ல் அதே குழு அடுத்த கேள்வியைக் கேட்டது: காலியான வீட்டுக்கு ஆளை அழைத்து, அமர்த்தி, தொழில் கற்பிப்பவர் யார்? அழைப்பவையும் பழக்குபவையும் இரத்தக்குழலின் சுவர்ச் செல்களும், சுவருக்குப் பின்னே இருந்து வைட்டமின் ஏ-யைச் சேமிக்கும் நட்சத்திர வடிவச் செல்களும் என்று தெரிந்தது. குப்ஃபர் செல் தன் உடலின் ஒரு பகுதியைச் சுவரின் இடுக்குவழியே நீட்டி அந்த நட்சத்திரச் செல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

முன்பு தள்ளிவைத்த வேடிக்கையை இப்போது சொல்லலாம். 1971ல் ஜப்பானிய உடற்கூற்று அறிஞர் கென்ஜிரோ வாக்கே, குப்ஃபரின் பொன் உப்பு முறையை அவர் செய்தபடியே திரும்பச் செய்து பார்த்தார். அந்த முறையில் கருத்துத் தெரிந்தவை விழுங்கும் செல்கள் அல்ல. வைட்டமின் ஏ-யைச் சேமிக்கும் நட்சத்திரச் செல்களே. 1876ல் குப்ஃபர் கண்டது தம் பெயரைத் தாங்கப்போகிற செல்லை அன்று. அதைப் போஷித்து அவ்விடத்தில் இருத்திவைக்கிற அண்டைவீட்டாரை. ஒருவரை மற்றவராகக் கொண்ட அந்தத் தவறு, அவ்விருவரும் எவ்வளவு நெருங்கி வாழ்கிறார்கள் என்பது வெளிப்படுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்னதாகவே செய்யப்பட்டுவிட்டது.

ஆனால் என் கட்சிக்கு மூளை ஒத்துவரவில்லை. எலியின் மூளையை மைக்ரோக்ளியா இல்லாததாக்கி மஜ்ஜையிலிருந்து வந்த செல்களை அங்கே குடியமர்த்தினால், அவை கிளைவிட்டு விரிகின்றன, மைக்ரோக்ளியாவின் பல குணங்களை ஏற்கின்றன. ஆயினும் மாதங்கள் பல சென்றபின்னும் அவற்றின் மரபணு நடப்பில் வந்த வழியின் சுவடு அழியாமல் இருக்கிறது என்று 2018ல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் காட்டின. கல்லீரல் வந்தவரை இருந்தவராக்கிவிடுகிறது. மூளை அவ்வளவு தூரம் போவதில்லை. இந்த இடத்தில் தேசம், குடிமை, பூர்வீகம் என்று உபமானங்களை அடுக்க ஆசைப்படுவோர் உண்டு. செல்களின் நடத்தையிலிருந்து மனிதருக்குச் சட்டம் எழுதுவது பழைய வியாதி. அதிலும் இரு அவயவங்கள் இருவேறு தீர்ப்புச் சொல்லும்போது, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வெகு சௌகரியமாயிருக்கும்.

வெளியார் வராமல் ஒரு குடி எப்படி ஆயுள் முழுவதும் தாக்குப்பிடிக்கிறது என்பது தனிக் கேள்வி. பொதுவாக, முதிர்ந்து ஒரு தொழிலை ஏற்ற செல் மேற்கொண்டு பிரிவதில்லை; அதற்கு மூலச் செல்கள் வேண்டும். பெருவிழுங்கிகள் இந்த நியமத்துக்கு விலக்கு: தம் தொழிலைச் செய்துகொண்டே பிளந்து பெருகவல்லவை. எலிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து மூளையின் மைக்ரோக்ளியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றொன்பதை அழித்துவிட்டு மருந்தை நிறுத்தினால், மிஞ்சிய ஒன்றிரண்டிலிருந்தே ஓரிரு வாரத்தில் மூளை மறுபடி நிறைந்துவிடுகிறது. மனிதரில் இதை அளக்க ஓர் எதிர்பாராத கடிகாரம் கிடைத்தது. 1950களிலும் 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன்புவரையிலும் வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. பிறகு அது ஆண்டுக்காண்டு தணிந்து வந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் மரபணுப்பொருளில் சேரும் கார்பன் அந்த ஆண்டின் காற்றை ஒத்திருக்கும். ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரீசேனின் கூடத்தினர் இறந்தோரின் மூளையிலிருந்து மைக்ரோக்ளியாவைப் பிரித்து அந்தக் கார்பனை அளந்து, ஆண்டுக்கு நூற்றில் இருபத்தெட்டு வீதம் அவை புதுப்பிக்கப்படுகின்றன, ஒரு செல்லின் சராசரி வயது நான்கு வருஷத்துக்குச் சற்று அதிகம், சில இருபது வருஷத்தையும் தாண்டுகின்றன என்று 2017ல் கணக்கிட்டார்கள். குண்டு வெடித்தவர்கள் இந்தப் பயனைக் கருதியிருக்கமாட்டார்கள். தோலுக்கு வேறொரு சாட்சி: பிரான்சின் லியோன் நகரத்தில் இறந்தவரின் கையை உயிருள்ளவருக்குப் பொருத்திய சிகிச்சையில், பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் கையின் மேல்தோலில் இருந்த லாங்கர்ஹான்ஸ் செல்கள் கையைக் கொடுத்தவருடையனவாகவே இருந்தன.

பிறப்புக்கு முன் வந்தவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். அனுபவத்தால் வந்து தங்குகிறவர்களும் உண்டு. ஒரு தொற்றையோ மருந்தையோ எதிர்த்துப் போராடிய டி-செல்கள் என்னும் வெள்ளணுக்களில் சில, வேலை முடிந்தும் இரத்தத்துக்குத் திரும்பாமல் அதே தோலில், அதே குடலில் தங்கிவிடுகின்றன. மனிதத் தோல் முழுவதிலும் இத்தகைய டி-செல்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் கோடி. இரத்தத்தில் ஓடுபவற்றைப்போல் இரண்டு மடங்கு. சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாத சிலருக்கு உதட்டிலோ கையிலோ ஒரு வட்டக் கறுப்பு விழும், ஆறி மங்கும், பல மாதம் கழித்து அதே மாத்திரையை அறியாமல் விழுங்கினால், உடம்பு முழுதும் மருந்து பரவியிருந்தும், பழைய அதே வட்டம்தான் சிவந்து கொதிக்கும். அந்த வட்டத்தின் அடியில் தங்கியிருப்பவர்கள் இந்த டி-செல்கள்தாம். நினைவு என்பதைத் தலைக்குள் மட்டும் வைத்துப் பழகிய நமக்கு, ஒரு காசளவு தோல் ஒரு மருந்தின் பெயரை மறவாதிருப்பது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த விவாதங்கள் ஆராய்ச்சிக்கூடத்தோடு நிற்பவை அல்ல என்பதற்கு ஒரு நோயைச் சொல்லவேண்டும். அட்ரினோலியூக்கோடிஸ்ட்ரோஃபி என்னும் பரம்பரை வியாதி ஆண் குழந்தைகளை நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் பிடிப்பதுண்டு. ஒரு மரபணு பழுதுபட்டதால் நீண்ட கொழுப்பு அமிலங்கள் தேங்கி, மூளையின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் வெண்ணுறை சிதைந்து, பள்ளியில் கெட்டிக்காரனாயிருந்த பையன் சில வருஷங்களில் பார்வையையும் செவியையும் நடையையும் இழந்துவிடுகிறான். இதற்கு வைத்தியர்கள் செய்வது மஜ்ஜை மாற்று. மூளை நோய்க்கு மஜ்ஜையை மாற்றுவானேன் என்று கேட்கத் தோன்றும். பழைய மஜ்ஜையை அழிக்கிற கடும் மருந்து மூளையின் கதவையும் ஓரளவு திறந்துவிட, புதிய மஜ்ஜையின் செல்கள் உள்ளே சென்று, பழுதில்லாத மரபணுவோடு மைக்ரோக்ளியாவின் இடத்தில் அமர்கின்றன. 2009ல் பாரிசில் நத்தாலி கார்த்தியேயும் பாட்ரிக் ஒபூரும் இரண்டு சிறுவர்களின் சொந்த மஜ்ஜைச் செல்களையே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்ப ஏற்றினார்கள். வந்தவர்கள் இருந்தவர்களைப் போல முற்றிலும் ஆவதில்லை என்று மேலே சொன்னோம். ஆயினும் பதினான்கு முதல் பதினாறு மாதங்களுக்குப் பின் இரு சிறுவரின் மூளையிலும் சிதைவு நின்றது. வந்த செல்கள் அந்த வேலைக்குப் போதுமானவை. தொல்லை அந்தப் பதினான்கு மாதங்களில்தான் இருக்கிறது: புதியவர்கள் வந்து சேர்ந்து தொழிலை ஏற்கும்வரை நோய் தன்பாட்டுக்கு முன்னேறிக்கொண்டிருக்கும். ஆகையால் மூளைப் படத்தில் முதல் வெண்புள்ளி தெரிகிற, பையன் இன்னும் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிற பருவத்திலேயே சிகிச்சைக்குச் சம்மதிக்கும்படி வைத்தியர்கள் பெற்றோரைக் கேட்கவேண்டியிருக்கிறது.